தூமகிரியின் மௌனம்

மேற்கே கதிரவன் கடலில் இறங்கிக்கொண்டிருந்த அதே வேளையில், கிழக்கே முழுநிலா கடலைவிட்டு எழுந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் பொன்னையும் மறுபக்கம் வெள்ளியையும் உருக்கி வார்த்தாற்போல் மின்னிய நீர்ப்பரப்புக்கு நடுவே, கரும்பச்சைப் பட்டுப் போர்த்து அமர்ந்திருக்கும் பேரரசியைப்போல விளங்கியது தூமகிரி மலை. அதன் மடியில் கிராம்புத் தோட்டங்களும், தோட்டங்களின் கீழே கருங்கல் கோட்டையும், கோட்டையைச் சுற்றிப் பன்னீராயிரம் மக்கள் வாழும் மகரபுரிப் பட்டணமும், பட்டணத்தின் காலடியில் நூறு மரக்கலங்கள் நிற்கக்கூடிய துறைமுகமும் அந்த இருவகை ஒளியிலும் நனைந்துகொண்டிருந்தன.

நாகைத் துறையில் பாய் விரித்தால் நல்ல காற்றில் நாற்பது நாள் பயணத் தொலைவில் இருந்தது இந்த மகரத்தீவு. அன்பார்ந்த வாசகர்கள் கடல் வரைபடங்களை விரித்து அதைத் தேட வேண்டாம். அது ஏன் அவற்றில் இல்லை என்பதைச் சொல்வதற்காகவே இந்தக் கதை எழுதப்படுகிறது.

தீவில் எவருக்கும் நினைவு தெரிந்த நாள் முதல், தூமகிரியின் உச்சியில் மெல்லிய புகை இருந்தே வந்திருக்கிறது. ஒன்பது நாட்களுக்கு முன் அந்தப் புகை நின்றுபோயிற்று. பூமியின் குகைகளில் அடைபட்ட காற்று உள்ளேயிருக்கும் கந்தகத்தை ஊதி எரியவைப்பதால்தான் மலை புகைகிறது என்றும், கந்தகம் தீர்ந்ததால் புகை நின்றது என்றும், இனி மகரபுரிக்கு எக்காலத்திலும் அச்சமில்லை என்றும் அரசவைப் பண்டிதர் வாமதேவர் அறிவித்தார். மன்னர் அருணகேது மகிழ்ந்து, ஐந்தாம் நாள் பெருவிழா எடுக்கும்படி பறையறையச் செய்தார். கீழே தெருக்களில் தோரணம் கட்டுவோரின் பேச்சொலி மலைச்சரிவு வரையில் கேட்டது.

அந்தப் பேச்சொலியைப் பின்னால் விட்டு, நான்கு வீரர்களுடன் மலைமேல் ஏறிக்கொண்டிருந்தான் எழினியாதன். நாகைப்பட்டினத்தில் பிறந்து, இருபதாம் வயதில் வணிகக் கப்பலொன்றின் காவல் வீரனாக இத்தீவில் இறங்கியவன். கடற்கொள்ளைக்காரர்களிடமிருந்து மன்னருடைய பட்டத்து மரக்கலத்தை மீட்டுக் கொடுத்ததால் துறைமுகத்துக்கும் கோட்டைக்கும் தளபதியாக உயர்ந்தவன். பத்து ஆண்டுகளில் அவன் நிறைவேற்றாமல் விட்ட கட்டளை ஒன்றுகூட இல்லை. அன்றைய கட்டளை சுருக்கமானது. மலையில் திரியும் பகைநாட்டு ஒற்றைப் பிடித்து வர வேண்டும்.

அந்த ஒற்று ஒரு பெண். நீலி என்று பெயர் சொல்லிக்கொண்டு எட்டு மாதங்களாகத் தூமகிரியில் தனிக்குடிலில் தங்கி, பாறை வெடிப்புகளில் படியும் கந்தகத்தைச் சுரண்டி மருத்துவர்களுக்கு விற்றுவந்தவள். அவளுடைய குடிலிலிருந்து காவலன் ஒருவன் எடுத்துவந்த ஓலையில் கோட்டைச் சுவரின் உயரமும், காவல் மாறும் நேரங்களும், துறைமுகத்து நீரின் ஆழமும் முத்துமுத்தான எழுத்தில் பொறிக்கப்பட்டிருந்தன. வடக்கே இருந்த சங்கத்தீவு அரசுடன் மகரபுரிக்கு மூன்று தலைமுறையாகத் தீராப் பகை. அந்த ஓலை யாருக்காக எழுதப்பட்டது என்பதில் எவருக்கும் ஐயமில்லை.

மரங்கள் முடிந்து வெறும் பாறை தொடங்கும் இடத்தில் அவளைக் கண்டான். கருமையான கற்பலகைமீது குப்புறப் படுத்து, கன்னத்தைப் பாறையில் பதித்து, காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். அருகே பாறையை இரண்டாகப் பிளந்த ஒரு வெடிப்பு. அதன் குறுக்கே இரண்டு மூங்கில் முளைகளுக்கிடையே ஒரு நூல் கட்டப்பட்டிருந்தது. வாள் உரசும் ஒலி கேட்டும் அவள் தலையைத் திருப்பவில்லை.

“சற்றுப் பொறுத்திருங்கள், தளபதியாரே. இன்னும் இருபது எண்ண வேண்டும்” என்றாள்.

எழினியாதன் நின்றான். ஏன் நின்றோம் என்று பிற்பாடு பலமுறை தன்னையே கேட்டுக்கொண்டான். அவள் எண்ணி முடித்து எழுந்தபோது நிலவொளி அவள் முகத்தில் விழுந்தது. அரண்மனைச் சித்திரங்களில் காணும் அழகல்ல அது. கன்னத்தில் கரி, விரல் நுனிகளில் ஆறிய தீப்புண்கள், தலைமுடியில் கந்தகத்தின் மஞ்சள் தூள். ஆனால் அந்தக் கண்கள், பார்த்ததைப் பார்த்தவாறே ஏற்றுக்கொள்ளும் அமைதி குடிகொண்ட கண்கள், அவன் அதுவரையில் எந்த முகத்திலும் கண்டறியாதவை.

ஓலையைக் காட்டி, இது உன் எழுத்தா என்று கேட்டான். தன் எழுத்துத்தான் என்று அவள் தயங்காமல் ஒப்புக்கொண்டாள்.

“கோட்டையை அளந்த ஓலை ஒன்றுதான். இந்த மலையை அளந்த ஓலைகள் நூற்றிருபது இருக்கின்றன. உங்கள் காவலன் எதை எடுத்தான், எதை விட்டான் என்று பாருங்கள்.”

பிறகு, கைகள் கட்டப்படுவதற்குமுன் சிறிது நேரம் வேண்டுமென்று கேட்டு, அவனை அந்தப் பாறைமீது அழைத்துச் சென்று ஒவ்வொன்றாகக் காட்டினாள். நான்கு மாதங்களுக்கு முன் இந்த வெடிப்பில் ஓர் ஓலைதான் நுழையும். இப்போது கால் நுழையும். கீழேயுள்ள சுனையில் முன்பு முட்டையை இட்டால் வேகாது. இப்போது அறுநூறு எண்ணுமுன் வெந்து கெட்டியாகிவிடுகிறது. மலைக்குள் எப்போதோ ஒருமுறை கேட்ட உறுமல் இப்போது ஒரு மூச்சுக்கு ஒருமுறை கேட்கிறது. கோட்டை கட்டிய அதே கருங்கல்லின் உடைந்த துண்டு ஒன்றை அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஆப்பத்தில் தோன்றும் கண்களைப்போல அதில் ஆயிரம் நுண்துளைகள் இருந்தன. அந்தக் கல் சரிவில் படிந்திருக்கும் இடங்களிலோ, முறுக்கிய கயிறுகளை அடுக்கியதுபோன்ற மடிப்புகள். அவள் வெல்லத்தைக் காய்ச்சி, பாகு பதத்தில் சாய்ந்த பலகைமீது ஊற்றிப் பார்த்தாளாம். ஆறும்போது அச்சு அசலாக அதே மடிப்புகள் விழுந்தனவாம்.

“இந்தக் கல் ஒருகாலத்தில் பாகாக ஓடியிருக்கிறது, தளபதியாரே. கந்தகம் எரிந்தால் கல் உருகாது. நான் எரித்துப் பார்த்தேன். கந்தகம் இந்த நெருப்பின் விறகு அல்ல, வேர்வை. நெருப்பு அதற்கும் வெகு ஆழத்தில், உருகிய பாறையாகவே இருக்கிறது. பண்டிதர் புகை நின்றது என்று மகிழ்கிறார். கொதிக்கும் பானையின் வாயை இறுக மூடினாலும் ஆவி தெரியாது. மலையின் வாய் அடைபட்டிருக்கிறது.”

எழினியாதனுக்கு அப்போது ஒரு காட்சி நினைவுக்கு வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் கோட்டைக்குள் அவன் மேற்பார்வையில் புதுக் கிணறு தோண்டினார்கள். செம்மண் ஐந்து முழம், அதன்கீழ்ச் சாம்பல், அதன்கீழ் மீண்டும் செம்மண், அந்த மண்ணில் வேரூன்றி நின்றபடியே கரியாகிப்போன ஒரு பனைமரம், அதன்கீழ் மறுபடியும் சாம்பல். மண்ணுக்கு அடியில் மரம் எப்படி நிற்கும் என்று கூலியாட்கள் திகைத்தபோது, அவனும் திகைத்தான், பிறகு மறந்துபோனான். இப்போது அதைச் சொன்னதும் அவள் முகம் வெளிறியது. எத்தனை அடுக்கு, எவ்வளவு கனம் என்று துருவித் துருவிக் கேட்டாள். பின்பு மெல்லிய குரலில், தன்னால் இதுவரை உறுதிசெய்ய முடியாதிருந்தது அதுதான் என்றாள். மலை இதே ஊரை முன்பு இரண்டு முறையேனும் புதைத்திருக்கிறது. ஒவ்வொரு முறையும் சாம்பல்மேல் மண் விளைந்து, மரம் வளர்ந்து, நடந்ததை மனிதர் மறக்கும்வரை காத்திருந்திருக்கிறது.

கட்டளைப்படி அவள் கைகளைக் கட்டச் செய்தான் எழினியாதன். ஆனால் நூற்றிருபது ஓலைகள் அடங்கிய பனங்கூடையை வீரர்களிடம் கொடுக்காமல், தன் தோளிலேயே சுமந்துகொண்டு இறங்கினான்.

*

மறுநாள் காலை அரசவை நிரம்பி வழிந்தது. அருணகேது மன்னர் இளமையில் போர்களையும் நடுவயதில் பஞ்சத்தையும் கண்டு, கேட்பதற்குப் பொறுமை கற்றுக்கொண்டவர். மலை வெடிக்குமுன் மக்கள் ஊரைவிட்டுப் போக வேண்டுமென்று நீலி சொன்னவை முழுவதையும் குறுக்கிடாமல் கேட்டார். வாமதேவ பண்டிதரும் குறுக்கிடவில்லை. அறுபது வயதில் மூன்று சாத்திரங்களைக் கரை கண்ட அவர் அகந்தை உடையவர்தாம். ஆனால் பொய் பேசி அறியாதவர். கேட்டு முடித்ததும் ஒரே ஒரு மறுப்பைச் சொன்னார். மலை பகைமை கொண்டிருந்தால் கடல் மட்டும் ஏன் பணிகிறது? துறைமுகத்துப் படித்துறையில் கடல் இரண்டு முழம் இறங்கியிருப்பதை ஊரே அறியும். கடலரசன் மன்னர் திருவடிக்குத் தாழ்ந்து வணங்குகிறான் என்று அவரே ஒரு வாழ்த்துப்பா இயற்றியிருந்தார்.

நீலியின் கண்கள் ஒளிர்ந்தன. “கடல் இறங்கவில்லை, பண்டிதரே. தரை ஏறியிருக்கிறது. அடியிலிருந்து பொங்கும் பாறை, புளித்த மாவு பானை மூடியைத் தூக்குவதுபோல் இந்தக் கரையையே மேலே தூக்கியிருக்கிறது.”

அவையில் சிரிப்பலை எழுந்தது. சோதித்து அறிய முடியாத ஒன்றைச் சொல்வது எளிது என்றார் பண்டிதர். சோதிக்க முடியும் என்றாள் அவள். பாறைகளில் ஒட்டி வாழும் சிப்பிகள், கடலின் ஏற்றநீராகிய ஓதம் உயர்ந்து தொடும் எல்லை வரையில்தான் உயிர்வாழும். மகரபுரிப் படித்துறையில் இரண்டு முழ உயரத்துக்குச் சிப்பிகள் காய்ந்து, வாய் பிளந்து, செத்துக் கிடக்கின்றன. இரண்டு காதம் வடக்கே ஆளில்லாத கொக்குத்திட்டு என்ற குட்டித்தீவு இருக்கிறது. கடல் இறங்கியது உண்மையானால், அங்கேயும் அதே அளவுக்குச் சிப்பிகள் செத்திருக்க வேண்டும். ஏனெனில் கடல் ஒன்றுதான். அங்கே சிப்பிகள் ஓத எல்லைவரை உயிரோடு இருந்தாலோ, அசைந்தது கடல் அல்ல. இன்றைய ஓதம் முழுநிலா ஓதம், மாதத்திலேயே உயர்ந்தது. போய்ப் பார்க்க இதைவிட நல்ல நாள் இல்லை.

சிரிப்பு அடங்கியது. இந்தக் கேள்வி நேர்மையான கேள்வி, நானே போகிறேன் என்றார் பண்டிதர். மன்னர் தளபதியையும் உடன் அனுப்பினார். இருவரில் ஒருவர் சாட்சியை மற்றவர் சாட்சி காக்கும் என்பது அவர் எண்ணம்.

பத்துத் துடுப்புகள் கொண்ட விரைபடகில் நண்பகலில் புறப்பட்டு, ஓதம் பொங்கி நின்ற பிற்பகலில் கொக்குத்திட்டை அடைந்தார்கள். வாமதேவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வழுக்கும் பாறைகளில் தாமே இறங்கினார். நீர் விளிம்பில் மண்டியிட்டு, சிப்பியொன்றைத் தம் மோதிரத்தின் முனையால் தொட்டார். அது படக்கென்று வாய் மூடிக்கொண்டது. அடுத்ததைத் தொட்டார், அதுவும் மூடிக்கொண்டது. கரையோரமாகப் பாறைக்குப் பாறை தாவித் தொட்டுக்கொண்டே போனார். செத்த சிப்பி ஒன்றுகூட இல்லை. அலை நனைத்த கடைசி விரற்கடை வரையில் எல்லாம் உயிரோடு இருந்தன.

“நாற்பது ஆண்டுகளாக நான் பாடம் சொன்னது தவறு” என்றார் பண்டிதர். அந்தக் குரலில் வருத்தம் இருந்தது. ஆனால் அதைவிட அதிகமாக வியப்பு இருந்தது. “தளபதியாரே, ஒரு சிப்பியிடம் கேட்டால் விடை சொல்லும் என்று எனக்கு ஏன் தோன்றவில்லை?”

திட்டின் மறுபக்கத்து உள்வளைவைப் பார்த்து எழினியாதன் உறைந்து நின்றான். அங்கே, தென்னங்கீற்றுகளால் மறைக்கப்பட்டு, பாய் இறக்கிய மரக்கலங்கள் வரிசை வரிசையாக நின்றன. எண்பதுக்குக் குறையாது. கொடிமரங்களில் சங்கத்தீவின் வெண்சங்குக் கொடி.

நெஞ்சில் யாரோ ஈட்டியைச் செருகியதுபோல் இருந்தது அவனுக்கு. ஊரை விட்டு ஓடுங்கள் என்று அவள் சொன்னதெல்லாம் கோட்டையைக் காலியாக்கும் சூழ்ச்சிதானா? அப்படியானால் சிப்பிகள்? சிப்பிகளுமா அவளுக்காகப் பொய் சொல்லும்? அதற்குமேல் சிந்திக்க நேரமில்லை. பகைவர் காவற்படகு ஒன்று அவர்களைக் கண்டுவிட்டது. அம்புகள் சீறிக்கொண்டு வந்தன. எழினியாதன் சுக்கானைத் தானே பற்றி, வெள்ளலை கொதிக்கும் இரண்டு பவளப்பாறைகளுக்கிடையே, படகின் விலா உரச, கண்ணிமைக்கும் நேரத்தில் நுழைந்து வெளியேறினான். துரத்திவந்த பெரிய படகு அந்த இடுக்கில் நுழையத் துணியவில்லை. துடுப்பு வலித்தவர்களில் ஒருவனுக்குத் தோளில் காயம். பண்டிதரின் தலைப்பாகை அம்போடு கடலில் போயிற்று.

திறந்த கடலுக்கு வந்தபின் எழினியாதன் படகை ஊரை நோக்கித் திருப்பினான். மரக்கலங்களைப் பற்றிச் சொன்னால் அவள் தலை உருளும். சொல்லாவிட்டால் நாட்டுக்குத் துரோகம். தளபதியின் முகத்தில் ஓடிய போராட்டத்தைப் பண்டிதர் கவனித்தார்.

“தம்பி, நாம் இரண்டு கண்டோம். இரண்டும் உண்மை. ஒன்றை மறைத்தால் மற்றதையும் எவரும் நம்ப மாட்டார்கள்” என்றார்.

*

இரண்டையும் சொன்னார்கள். மறுநாள் விடியற்காலையில் அவை மறுபடியும் கூடியபோது, பண்டிதர் எழுந்து நின்று, தம் சாத்திரம் தோற்றது, இந்தப் பெண்ணின் சொல் வென்றது என்று அனைவர் முன்னிலையிலும் அறிவித்தார். அந்த வியப்பு அடங்குமுன் எழினியாதன் எண்பது மரக்கலங்களைப் பற்றிச் சொன்னான். சொல்லும்போது அவன் அவளைப் பார்க்கவில்லை. வாள்கள் பாதி உருவப்பட்ட ஒலி அவை முழுவதும் கேட்டது.

மன்னர் கையுயர்த்தி அடக்கிவிட்டு, நீ யார் என்று நீலியைக் கேட்டார்.

“சங்கத்தீவின் ஒற்று” என்றாள் அவள். “உங்கள் கோட்டையை அளக்க வந்தேன். அதற்கு ஒரு மாதம் போதுமானதாக இருந்தது. மீதி ஏழு மாதமும் நான் யாருடைய ஒற்றும் அல்ல. இந்த மலையைவிட்டு என்னால் போக முடியவில்லை. படை வர வேண்டிய நாள் முன்பே குறிக்கப்பட்டது. திரும்பிப் போகச் சொல்லி எழுதிய ஓலையோடு போன ஆள் கடலில் மாண்டான். மன்னர் என்னைக் கொல்லலாம். ஆனால் பன்னீராயிரம் பேரை ஏற்ற உங்களிடம் அறுபது கலங்கள்தாம் உள்ளன. அவை போதா. அங்கே எண்பது இருக்கின்றன. அவற்றை நான் கேட்டால் கொடுப்பார்கள்.”

அப்போது காலடியில் தரை அதிர்ந்தது. அரியணைக்கு மேலிருந்த வெண்கொற்றக்குடையின் மணிகள் தாமாகவே கிணுகிணுத்தன.

அருணகேது மெல்ல எழுந்தார். அவருடைய பாட்டனார் கட்டிய கோட்டை அது. தந்தையார் உயிர் கொடுத்துக் காத்த கோட்டை. “சங்கத்தீவார் கோட்டையை எடுத்துக்கொள்வதானால் எடுத்துக்கொள்ளட்டும்” என்றார். “என் மக்கள் அதற்குள் இருக்கக் கூடாது. விழாவுக்கு அடிக்கும் பறையை ஊரைவிட்டுக் கிளம்பச் சொல்லி அடியுங்கள்.”

நீலி தன் மேலாடையின் முடிச்சிலிருந்து ஒரு முத்திரை மோதிரத்தை எடுத்து எழினியாதனிடம் நீட்டினாள். இதைப் படைத்தலைவர் புலிந்தரிடம் காட்டி, ஆயுதங்களைக் கடலில் எறிந்து இடம் பண்ணிக்கொண்டு எல்லாக் கலங்களும் மகரபுரித் துறைக்கு வர வேண்டும் என்று சொல்லச் சொன்னாள். வேறெதுவும் சொல்லவில்லை. சிறிது தயங்கி, மெதுவாகக் கேட்டாள். “தளபதியாரே, அந்தக் கொடிகளைக் கண்ட பிறகும் என்னை நம்பினீர்களா?”

“ஒரு கணம் நம்பவில்லை, அம்மணி.”

“நல்லது. நம்பினேன் என்று சொல்லியிருந்தால் நான் உங்களை நம்பியிருக்க மாட்டேன்.”

தன்னந்தனியாக, வெள்ளைத் துணியைக் கம்பத்தில் கட்டிக்கொண்டு, முந்தின நாள் தப்பிவந்த அதே வழியே படகைச் செலுத்தினான் எழினியாதன். ஈட்டிகளின் வளையத்துக்கு நடுவே புலிந்தர் முன் நிறுத்தப்பட்டான். நரைத்த மீசையும் ஒற்றைக் கண்ணும் கொண்ட அந்தக் கடல்வீரர் மோதிரத்தை வாங்கி நிலாக்கல் பதித்த முகப்பைப் பார்த்தார். அடுத்த கணம் மேல்தளத்தில் மண்டியிட்டார். அவரைக் கண்டு சுற்றிலும் இருந்த ஈட்டிகள் எல்லாம் தாழ்ந்தன.

“எங்கள் அரசியார் உயிரோடிருக்கிறாரா?” என்று கேட்டார். ஒற்றைக் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. “பிறர் கண்ணால் பார்த்ததை நம்பி மூவாயிரம் பேரைப் போருக்கு அனுப்ப மாட்டேன் என்று தாமே புறப்பட்டுப் போனவர். ஐந்து மாதமாகச் செய்தி இல்லை.”

கந்தகம் சுரண்டிய அந்தத் தீப்புண் விரல்கள் ஒரு நாட்டை ஆளும் விரல்கள் என்பதை எழினியாதன் அப்போதுதான் அறிந்தான். பாறைமீது கன்னம் வைத்துப் படுத்திருந்த உருவம் அவன் கண்முன் வந்து நின்றது. அவன் தலை தானாகத் தாழ்ந்தது.

*

அன்று பகல் முழுவதும், அதற்கடுத்த நாள் நண்பகல் வரையிலும், மகரபுரி மக்கள் கலங்களில் ஏறினார்கள். மூன்று தலைமுறையாக ஒருவரையொருவர் கொன்று வந்தவர்கள், ஒருவர் குழந்தையை மற்றவர் தோளில் வாங்கிப் படகேற்றினார்கள். நாற்பத்திரண்டு பேர் மட்டும், எவ்வளவு சொல்லியும் கேளாமல், வீடுகளைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே தங்கிவிட்டார்கள். கடைசிப் படகில் மன்னரும், அவருக்குமுன் ஏற மறுத்த பண்டிதரும், சங்கத்தீவின் அரசியும் ஏறினார்கள். நூற்று நாற்பது கலங்களும் வடமேற்கே ஒன்றரைக் காதம் போயிருந்தபோது பறவைகள் ஒரே கூட்டமாகத் தீவைவிட்டு எழுந்து பறந்தன.

பிறகு தூமகிரியின் நெற்றி திறந்தது.

ஓசை வருவதற்கு முன்பே காட்சி வந்தது. அடிமரம் ஒரு மலையளவு பருமனுள்ள பனைமரம்போலக் கருந்தூண் ஒன்று வானுக்கு நிமிர்ந்து, உச்சியில் ஓலை ஓலையாக விரிந்தது. அதற்குப் பின்பே, செவிப்பறையைக் கிழித்துக்கொண்டு, ஆயிரம் இடிகள் ஒன்றாக இடித்தாற்போன்ற அந்த ஓசை கலங்களை வந்து அறைந்தது. மலைச்சரிவில் சாம்பல்நிற மேகம் ஒன்று, பாய்ந்தோடும் யானைக்கூட்டம்போல உருண்டிறங்கிற்று. தோட்டங்கள், தெருக்கள், தோரணங்கள், பாட்டனார் கட்டிய கோட்டை எல்லாவற்றையும் அது ஒரே மூச்சில் மூடிவிட்டுக் கடல்மேலும் ஓடிவந்து தணிந்தது. மலையின் பாதி உள்ளே சரிந்து விழுந்தது. கலங்கள் குன்றுபோன்ற அலைகளில் ஏறி இறங்கின. பட்டப்பகல் இருண்டது. சலித்த மாவுபோல் வெதுவெதுப்பான சாம்பல் எல்லோர் தலையிலும் பெய்தது. கடலில் கற்கள் மூழ்காமல் மிதந்து வந்து கப்பல் பக்கங்களில் மோதின.

மக்கள் அழுதார்கள், வணங்கினார்கள். அரசியோ மேல்தளத்தில் அமர்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். எந்த நிமித்தத்துக்குப் பின் எது, எத்தனை எண்ணிக்கைக்குப் பின் எது என்று ஒவ்வொன்றாக ஓலையில் கீறினாள். அவள் கண்களிலிருந்தும் நீர் வழிந்து சாம்பலில் கோடிழுத்தது. ஆனால் எழுத்தாணி நிற்கவில்லை. வாமதேவ பண்டிதர் பக்கத்தில் விளக்கைப் பிடித்தார். எழினியாதன் தன் கேடயத்தை அவள் தலைக்கும் ஓலைக்கும் மேலே குடையாகப் பிடித்தபடி, கை மரத்துப்போகும் வரையில், மரத்துப்போன பின்னும், அசையாமல் நின்றான். வாழ்நாளில் எத்தனையோ வீரங்களைக் கண்டவன் அவன். இதற்கு ஒப்பான ஒன்றை அவன் கண்டதில்லை.

*

மூன்றாம் நாள் காலை வானம் வெளுத்தபோது, மலை இருந்த இடத்தில் கடல் புகுந்து நின்றது. அருணகேது அந்தத் திசையை நெடுநேரம் பார்த்துவிட்டு, அரசியிடம் வந்தார். ஒற்றருக்கு மகரபுரிக் கோட்டை வாசலில் மரணம் என்பது தம் முன்னோர் சட்டம் என்றும், அந்தச் சட்டத்தை நிறைவேற்ற இனி வாசல் இல்லை என்றும் சொன்னார். சொல்லிவிட்டுத் தம் மணிமுடியைக் கழற்றி அவள் முன் வைத்தார். அவள் அதை எடுத்துத் தன் கையாலேயே அவர் தலையில் திரும்பச் சூட்டி, சங்கத்தீவின் தென்கரை முழுவதும் இன்றுமுதல் அவர் மக்களுக்கு உரியது என்றாள். இரு நாட்டுக் கொடிகளும் ஒரே கம்பத்தில் ஏறின.

ஆனால் அன்று மாலை, சங்கத்தீவின் பசுங்குன்று தொடுவானில் தெரிந்து, மாலுமிகள் ஆரவாரம் செய்த வேளையில், அவள் மட்டும் மகிழவில்லை. எழினியாதன் அருகே சென்று, தேவியின் மனத்தில் என்ன என்று பணிவோடு கேட்டான்.

“அந்தக் குன்றின் உச்சியில் ஓர் ஏரி இருக்கிறது” என்றாள். “வட்டமான ஏரி. கிண்ணம்போல் சுற்றிலும் கரை. குழந்தையாக இருந்தபோது அதில்தான் நீந்தக் கற்றேன். பலா மரங்கள், தாமரை, நீர்க்கோழிகள். நெருப்பின் சுவடே இல்லாத குன்று என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் மலைகளில் ஏரி ஏன் வட்டமாக இருக்க வேண்டும்?”

எழினியாதன் அந்தக் குன்றை ஏறிட்டுப் பார்த்தான். அவள் தொடர்ந்தாள்.

“அது ஒரு வாய், தளபதியாரே. மிகப் பழைய வாய். இனி திறக்காமலே போகலாம். ஆயிரம் ஆண்டுக்குப் பின் திறக்கலாம். அதன் அடியில் என் தலைநகரம் இருக்கிறது. இப்போது உங்கள் மக்களும் இருக்கப்போகிறார்கள். அங்கே காவலிருக்க எனக்கு ஒருவர் வேண்டும். படையோடு நிற்கும் காவல் அல்ல. தினமும் பார்த்து, அளந்து, எழுதி, ஒன்றும் நடக்காத ஆண்டுகளைப் பொறுத்துக்கொள்ளும் காவல். வாமதேவர் புதிய சாத்திரம் எழுத வருகிறேன் என்கிறார். அவருக்கும் ஒரு துணை வேண்டும். மன்னரிடம் உங்களைக் கேட்டேன். உங்கள் விருப்பம்தான் முடிவு என்றார்.”

அந்தத் தளபதி தன் உடைவாளை உறையோடு கழற்றினான். இரு கைகளாலும் ஏந்தி, மண்டியிட்டு, அவள் காலடியில் வைத்தான்.

“கீழே இருக்கும் கடல் சாட்சியாகச் சொல்கிறேன். உயிருள்ளவரை அந்த ஏரிக்கரையில் இருப்பேன். கண்டதை எழுதுவேன், காணாததை எழுத மாட்டேன். தேவியார் கேட்க விரும்பாத செய்தியாயினும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வந்து சொல்வேன். எனக்குப் பின் இந்தக் காவல் முறியாமலிருக்க வேண்டியதையும் செய்வேன். இது என் சபதம்.”

அவள் குனிந்து அவன் கரங்களைப் பற்றி எழுப்பினாள்.

“சபதத்தை ஏற்றுக்கொண்டேன். ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். அரண்மனையில் என்னைத் தேவி என்று அழைக்க ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஏரிக்கரையில் அப்படி அழைக்க வேண்டாம்.”

“பின் எப்படி அழைப்பது? நீலி என்ற பெயர் பொய்யான பெயராயிற்றே?”

“என் தாய் எனக்கு வைத்த பெயர் உலோசனை” என்றாள் சங்கத்தீவின் அரசி. “அதை இதுவரை எந்த ஆடவரிடமும் நான் சொன்னதில்லை.”